நெருங்கி வாழ்ந்தால் லயம் திரும்புமா?

ஈப்போவில் எந்தக் கோயில் அன்னதானத்தில் உட்கார்ந்தாலும் சோறு ஆறுவதற்குள் பேச்சு வீட்டில் வந்து நிற்கும். மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, வீடு போதவில்லை. சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற வீடு வாங்கலாம் என்றால், பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டு, பிறகு செம்பனையையும் வெட்டித் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஆக்கிய தொலைவான ஓரிடத்தில்தான் கிடைக்கிறது. அப்பா பெயரில் புந்தோங்கிலோ சிலிபினிலோ சிம்மோரிலோ ஒரு மனை இருக்கும். முன்னால் பழைய பலகை வீடு. பின்னால் இரண்டு வாழை, ஒரு முருங்கை, ஓடாமல் நிற்கிற ஒரு கார். "அந்தப் பின்னால இடத்துல இன்னொரு வீடு போட்டா என்னப்பா?" என்று யாராவது கேட்பார்கள். உடனே நாலாபக்கமிருந்தும் பதில் வரும். பழைய தோட்டத்து லயமாகிவிடும் என்பார் ஒருவர். துண்டு போட்டால் உருப்படாது என்பார் இன்னொருவர். டெவலப்பர்தான் கட்ட முடியும் என்று மூன்றாமவர் முடித்துவைப்பார்.

இந்தப் பதில்களைப் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். சொல்பவர்கள் விவரமில்லாதவர்கள் அல்லர். ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் தோட்டத்தில் பட்ட ஒரு காயம் இருக்கிறது. காயம் உண்மைதான். அதிலிருந்து நாம் எடுத்த முடிவு மட்டும் பிழையாகிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு ஈப்போவில் வீடு வேண்டுமென்றால், அதற்கான இடம் பெரும்பாலும் புதிய தாமான்களில் இல்லை. ஏற்கெனவே நம் குடும்பங்கள் குடியிருக்கும் மனைகளில் இருக்கிறது. ஒரு மனையில் இரண்டு வீடு, இடம் பெரிதாக இருந்தால் மூன்று, நான்கு. இதைச் சொன்னால் எழும் மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: "வீடுகளை நெருக்கினால் மறுபடியும் லயம்தான்"

லயத்தில் பிறந்தவர்களுக்கு லயத்தை விளக்க வேண்டாம். நீளமாக ஒரே கூரை, அதன் கீழே வரிசையாக அறைகள். ஓர் அறையில் ஒரு குடும்பம். தொட்டிலும் அடுப்புப் புகையும் படுத்த படுக்கையான பாட்டியும் சோதனைக்குப் படிக்கிற பிள்ளையும் அங்கேதான். பக்கத்துச் சுவருக்கு அப்பால் யாராவது இருமினால் இங்கே விழிப்பு வரும். தண்ணீருக்குப் பொதுக் குழாய். விடியுமுன் பெரட்டுக்குப் போகிற அம்மா கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரக் காட்டுக்குள் நுழைவாள். இப்படி வளர்ந்த ஒருவர், சொந்த வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் காற்று வேண்டும் என்று ஆசைப்பட்டதில் என்ன குற்றம்?

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் ஏக்கர் தோட்டம், அதில் நூறு குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஏக்கருக்கு ஒரு குடும்பம். நிலத்தின் அளவை மட்டும் பார்த்தால் தோட்டத்தைவிட விசாலமாக மனிதர்கள் வாழ்ந்த இடம் அரிது. அத்தனை நிலத்துக்கு நடுவில்தான் ஓர் அறைக்குள் ஏழு பேர் படுத்தார்கள்.

நெருக்கம் என்று நாம் ஒரே வார்த்தையால் சொல்வது இரண்டு வேறு சங்கதிகள். ஓர் ஏக்கரில் எத்தனை வீடுகள் என்பது ஒன்று, அதை அடர்த்தி என்போம். ஓர் அறையில் எத்தனை பேர் என்பது மற்றது, அதை நெரிசல் என்போம். லயத்தின் கொடுமை நெரிசலால் வந்தது. அடர்த்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்பாவின் மனையில் இன்னொரு வீடு கட்டினால் ஏக்கருக்கு வீடுகள் கூடும், அறைக்கு ஆட்கள் குறைவார்கள். இன்று மூன்று அறை வீட்டில் அப்பா அம்மா ஓர் அறை, அண்ணன் குடும்பம் ஓர் அறை, தம்பி குடும்பம் ஓர் அறை என்று இருக்கிறார்களே, லயத்தின் வழி வந்த நெரிசல் அதுதான். இன்னொரு வீடு கட்டினால் கலைவதும் அதுதான்.

இன்று கட்டும் வீட்டுக்கு 1984-ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச் சட்டங்கள் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கின்றன. முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டாவது 9.3, மற்ற அறைகள் 6.5. அடி கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 118, 100, 70 சதுர அடி. இந்த விதிக்கு உட்பட்டு எவ்வளவு பக்கத்தில் கட்டினாலும் லயத்து அறை வராது.

லயத்தில் நெரிசலைவிடவும் வலித்த ஒன்று உண்டு. அந்த வீடு நம்முடையது அல்ல. வேலை இருக்கும்வரை வீடு. வயதாகி வேலையை விட்டாலும், தோட்டம் கை மாறினாலும், சட்டி பானையை லோரியில் ஏற்ற வேண்டியதுதான். 1966-இலும் பிறகு 1990-இலும் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்ச வசதிகளைச் சட்டம் வரையறுத்தது. தண்ணீர், கழிப்பறை, அறையின் அளவு எல்லாம் ஓரளவு சீரானது. உரிமை மட்டும் வரவில்லை. எண்பதுகளிலிருந்து தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, அங்கேயே மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் வெளியேறினார்கள். பலர் பட்டண ஓரத்துப் புறம்போக்கில் பலகை அடித்துக் குடியேறினார்கள். அப்பா பெயரில் கிராண்டு (நிலப் பட்டா) உள்ள மனையில் மகன் கட்டும் வீட்டை லயத்தோடு ஒப்பிடுவது அந்த அப்பாவின் உழைப்புக்கே செய்யும் அநியாயம்.

நெருக்கத்தின்மேல் உள்ள வெறுப்புக்கு இன்னொரு வேரும் உண்டு. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையொட்டி அவசரகாலம் வந்தது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். தோட்டத் தொழிலாளர்களையும் சிதறிய லயங்களிலிருந்து பெயர்த்து வேலிக்குள் ஒன்றாக வைத்தார்கள். அன்று மனிதர்களை நெருக்கியது அவர்களைக் காவல் வைப்பதற்காக. அந்த நினைவு எளிதில் போகாது. ஆனால் வேலி போன பிறகு அதே புதுக்கிராமங்கள் என்ன ஆயின என்பதையும் பார்க்க வேண்டும். புந்தோங்கில் நடந்து பாருங்கள். வீடு, பட்டறை, கடை, கோயில், பள்ளி எல்லாம் கூப்பிடு தூரம். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் வளர்த்த கச்சாங் பூத்தே தொழில் அங்கேதான் வேர்விட்டது. வறுக்கிற அடுப்பும் விற்கிற மேசையும் வாழ்கிற வீடும் ஒரே வரிசையில் இருந்ததால்தான் பெண்களும் வயதானவர்களும் அந்தத் தொழிலில் கை கொடுக்க முடிந்தது. வீட்டுக்கு வீடு அரை மைல் இருந்திருந்தால் அந்த முறுக்கும் பருப்பும் நாடு முழுக்கப் பெயர் எடுத்திருக்காது.

நம்பிக்கை: "துண்டு போட்ட நிலம் உருப்படாது"

பெரியவர்கள் வாயில் 'துண்டாடல்' என்ற சொல் வந்தாலே முகம் மாறும். காரணம் உண்டு. ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, தரகுக் கூட்டங்கள் அவற்றை மொத்தமாக வாங்கிச் சிறு சிறு துண்டுகளாக விற்றன. சிறு நிலக்காரருக்கு இருநூறு பால்வெட்டுக்காரர் எதற்கு? வேலை போனது, வேலையோடு லயமும் போனது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசிஸ் தலைமையில் 1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடல் குறித்து ஓர் ஆய்வே நடந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தொழிலாளர்களைத் திரட்டி 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது இந்தத் துண்டாடலை எதிர்த்துத்தான். பின்னாளில் தேசிய நிலச் சட்டத்திலும் ஒரு பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கை மாற்ற வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும்.

அந்தத் துண்டாடலில் நிலம் எப்படிப் பிரிந்தாலும் தொழிலாளிக்கு ஒரு சாண்கூட மிஞ்சவில்லை. குடும்ப மனையைப் பிரிப்பதில் யாரும் வெளியேறுவதில்லை. பிரிப்பவரும் பெறுபவரும் அதே வீட்டுப் பிள்ளைகள். இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்துவதால் ஒரே பயம் வருகிறது, அவ்வளவுதான். சம்பந்தன் அன்று கேட்டதும் உழைத்தவன் பெயரில் நிலம் இருக்க வேண்டும் என்றுதானே?

நிலத்தைப் பாழாக்குவது வேறொன்று. அப்பா இறந்து இருபது வருடமாகியும் கிராண்டில் அவர் பெயரே இருப்பது. ஆறு பிள்ளைகள், அதில் இருவர் காலமாகிவிட்டார்கள், ஒருவர் சிங்கப்பூரில். யாரும் எதையும் விற்கவோ கட்டவோ வங்கியில் வைக்கவோ முடியாது. பேராக்கில் நம்மவர் மனைகள் பல இப்படித்தான் உறைந்து கிடக்கின்றன. உயில் எழுதாமல் போனவரின் சிறு சொத்தை நீதிமன்றம் ஏறாமல் நில அலுவலகத்திலேயே பங்கிட 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துகள் பங்கீட்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. எழுபது வருடச் சட்டம். அதைப் பயன்படுத்தாமல் அண்ணன் தம்பிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருப்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

நம்பிக்கை: "பேராக்கில் நிலமா இல்லை?"

நிலம் இருக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. ஈப்போ மாநகர் மன்றத்தின் பரப்பு 643 சதுர கிலோமீட்டர், 2020 கணக்கெடுப்பில் மக்கள் தொகை ஏறக்குறைய 7 இலட்சத்து 60 ஆயிரம். சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 1,200 பேர்தான். சிங்கப்பூரில் அது 8,000 அளவில். மலையையும் குட்டையையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஈப்போ தளர்ந்த சட்டையைப் போல உடலை விட்டுத் தள்ளித்தான் தொங்குகிறது.

நிலம் மலிவாக இருக்கலாம். அந்த நிலத்துக்குப் போகும் சாலையும் சாக்கடையும் விளக்குக் கம்பமும் குப்பை லோரியும் மலிவில்லை. நகரம் விரிய விரிய அதே வரிப் பணம் கூடுதல் மைல்களுக்குப் பங்காகிறது. பஸ்ஸுக்கு இது இன்னும் கண்கூடு. நடந்து போகிற தூரத்தில் ஆட்கள் இருந்தால்தான் பஸ் ஓடிக் கட்டுப்படியாகும். வீடுகள் சிதறினால் ஆள் இல்லை, ஆள் இல்லாவிட்டால் பஸ் இல்லை, பஸ் இல்லாவிட்டால் வீட்டுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு கார். தொலைவில் மலிவாக வாங்கிய வீட்டின் மிச்சம் எல்லாம் எண்ணெய்க் காசாகவும் கார்த் தவணையாகவும் கரைந்துவிடும். வீட்டு விலையைக் கணக்குப் போடுகிறவர்கள் இந்தத் தவணையை அதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

இதற்கிடையே, கட்டி முடித்து ஒன்பது மாதத்துக்கு மேல் விற்காமல் நிற்கும் வீடுகள் மிகுந்த மாநிலங்களில் அண்மை ஆண்டுகளில் பேராக் முன்வரிசையில் இருக்கிறது. ஒரு பக்கம் வீடு இல்லை என்ற புலம்பல், மறுபக்கம் ஆளில்லாத வீடுகள். வேலையும் பள்ளியும் பசாரும் இல்லாத இடத்தில் வீட்டை மட்டும் கட்டிவைத்தால் யார் போவார்கள்?

பள்ளி என்றதும் நம் பள்ளிகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள், மலேசியாவிலேயே அதிகம். பெரும்பாலானவை தோட்டத்தில் பிறந்தவை. தோட்டம் போனது, மக்கள் போனார்கள், பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பட்டியலில் வரும். அப்படி எத்தனை பள்ளிகள் இருபது முப்பது பிள்ளைகளோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். அக்கறையில்லாத பெற்றோர் என்று திட்டுகிறோம். ஆனால் தூரம் செய்யும் வேலையை நாம் பார்ப்பதில்லை. ஒரு தோட்டத்து மக்கள் பத்துத் தாமான்களுக்குச் சிதறும்போது, எந்தத் தாமானிலும் ஒரு தமிழ்ப்பள்ளிக்கோ ஒரு பஸ்ஸுக்கோ போதுமான பிள்ளைகள் சேர்வதில்லை. கல்யாணமான மகன் புந்தோங்கிலேயே அப்பா வீட்டுப் பின்னால் வீடு கட்டிக்கொண்டால், அவன் பிள்ளை தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே பள்ளிக்குப் போகும். மாணவர் சேர்ப்பு முகாம் நடத்துகிற சங்கங்கள் வீட்டுப் பிரச்சினையையும் கையில் எடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம்பிக்கை: "அடர்த்தி என்றால் அடுக்குமாடி"

1982 முதல் மலிவு விலை வீடு என்றால் 25,000 வெள்ளி என்று அரசு விலை நிர்ணயித்தது. அந்த விலைக்குப் பல இடங்களில் ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது, அறுநூறு சதுர அடிக்குள் வீடு என்று எழுப்பினார்கள். தோட்டத்திலிருந்து அங்கே கொண்டுபோய் விட்ட பாட்டிகள் ஐந்தாம் மாடியிலிருந்து இறங்காமலே காலம் தள்ளினார்கள். பராமரிப்புக் கட்டணம் வசூலாகாது, மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது, படிக்கட்டு விளக்கு எரியாது. அடுக்குமாடி என்றால் நம் மக்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்குக்கு உயரமான கட்டடம் கட்டாயமும் இல்லை, மலிவும் இல்லை. இங்கே மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். அது சமமாகக் கிடப்பதில்லை. ஓரிடத்தில் ஊசிபோல மேலே நீட்டிக்கொண்டிருக்கும், பத்தடி தள்ளினால் குகைபோல உள்வாங்கியிருக்கும். அதன்மேல் நூறு வருடம் ஈய லம்பம் தோண்டிக் கொட்டிய மணலும் சேறும். திடீரென்று நிலம் உள்வாங்கிப் பள்ளம் விழுவது ஈப்போவுக்குப் புதிதல்ல. உயரக் கட்ட வேண்டுமானால் ஆழ இறங்க வேண்டும். இறங்கும் ஒவ்வோர் அடியும் பணம். பாரம் குறைந்த இரண்டு மாடி வீட்டுக்கு அந்தச் செலவு இல்லை. மண் சோதனை மட்டும் அதற்கும் வேண்டும்.

ஈப்போ தன் முதல் நூறு வருடம் எப்படி நெருங்கி வாழ்ந்தது என்று பழைய பட்டணத்தைப் பார்த்தால் தெரியும். 1892-இல் பெரும் தீ ஊரில் பாதிக்கு மேல் எரித்த பிறகு, தெருக்களை நேராக வகுத்துக் கடைவீடுகளாக எழுப்பினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுப் பட்டணத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாவ் தெட் ஷின் கட்டினார். இருபதடி முகப்பு, இரண்டு மாடி, கீழே கடை, மேலே குடும்பம், முன்னால் அஞ்சடி நடைபாதை. லிஃப்ட் இல்லை, மொட்டை மாடித் தொட்டிச் சண்டை இல்லை. அதிலேயே ஒரு நகரம் முழுதும் அடங்கியது. அது பின்னால் ஆளில்லாமல் போனதற்கு நெருக்கம் காரணமில்லை. 1985-இல் ஈயச் சந்தை சரிந்து வேலை போனது. 1948-க்கு முந்திய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டை 1997-இல் நீக்கச் சட்டம் வந்து, 2000 ஜனவரியோடு அது முடிந்தபோது மிஞ்சியிருந்தவர்களும் காலி செய்தார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐம்பதுக்கு நூறடி மனைகள், சாலைக்கும் சாக்கடைக்கும் போக, ஏக்கருக்கு ஆறு அளவில் வரும். ஒவ்வொன்றிலும் இன்னொரு வீடு சேர்த்தால் பன்னிரண்டு. நாம் எல்லோரும் ஆசையாக வாங்கும் இருபதுக்கு அறுபத்தைந்தடி தரை வீடுகள் ஒரு ஏக்கரில் இருபதுவரை நிற்கும். புந்தோங் மனையில் இரண்டாவது வீடு கட்டுகிறவரைப் பார்த்து நெரிசல் என்று சொல்லும் தாமான்காரர், அவரைவிட நெருக்கமான இடத்தில்தான் குடியிருக்கிறார்.

நம்பிக்கை: "டெவலப்பர் இல்லாமல் வீடு கட்ட முடியாது" என்பதும், "நம்ம நிலம்தானே, யாரைக் கேட்கணும்?" என்பதும்

இரண்டும் தவறு. இரண்டாவது ஆபத்தானதும்கூட.

1966-ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுக் கட்டுப்பாடு, உரிமச் சட்டம் நான்குக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டுவதைத்தான் வீடமைப்பு மேம்பாடு என்று சொல்கிறது. அதற்குத்தான் டெவலப்பர் உரிமம். நான்கு வீடுவரை ஒரு குடும்பமோ, சேர்ந்து பணம் போடும் அண்ணன் தம்பிகளோ கட்ட அந்த உரிமம் தேவையில்லை. இந்த ஒரு வரி நம்மவர்களில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் பெரிது. சென்னையில் 2,400 சதுர அடியை ஒரு கிரவுண்டு என்பார்கள். அந்த ஒரு கிரவுண்டில் பழைய ஓட்டு வீட்டை இடித்து, அக்கா தங்கைகள் ஆளுக்கொரு வீடாகக் கட்டிக்கொண்ட குடும்பங்கள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. புந்தோங் மனைகளில் பல அந்த அளவுக்குக் குறைந்தவை அல்ல.

அனுமதி மட்டும் கட்டாயம். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி திட்ட அனுமதி வேண்டும். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி வரைபடத்துக்கு ஒப்புதல் வேண்டும். மீறிக் கட்டினால் இடிக்கச் சொல்ல மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஒப்புதல் இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் தராது. பின்னால் விற்பதும் சிரமம். தெரிந்த குத்தகைக்காரரை வைத்துச் சனி ஞாயிறுகளில் தூண் எழுப்பி, வாழ்நாள் சேமிப்பைச் சட்டத்துக்கு வெளியே கொட்டியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பதிவுபெற்ற வரைவாளருக்குக் கொடுக்கிற பணம் வீண் இல்லை.

அதற்கும் முந்திய முட்டுக்கட்டை நிலத்தின் வகை. பழைய தோட்டத்து ஓரங்களிலும் கம்பங்களிலும் உள்ள மனைகள் பல இன்னும் விவசாய நிலம் என்றே பதிவில் இருக்கின்றன. விவசாய நிலத்தை 0.4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் குறைவாகப் பிரிக்கச் சட்டம் இடம் தராது. கட்டட நிலமாக வகை மாற்றி, அதற்கான பிரீமியம் கட்டிய பிறகுதான் சிறு மனைகளாக்கலாம். பிரிக்க இடமில்லாத மனையிலும் வழி இருக்கிறது. இரண்டு மாடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்துக்கு 1985-ஆம் ஆண்டின் அடுக்குமாடிப் பட்டாச் சட்டம் தனித்தனி உரிமை தர இடம் வைத்திருக்கிறது. மேலே அண்ணன், கீழே தம்பி, ஆளுக்கொரு பட்டா. குத்தகைக் காலம் முடியப் போகும் நிலமாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும். சொந்த மனை இருந்தும் கட்டக் காசில்லாத குறைந்த வருமானக்காரருக்கு, சியரிகாட் பெருமாஹான் நெகாரா நடத்தும் 'ருமா மெஸ்ரா ரக்யாட்' திட்டத்தில் அரசு மானியத்தோடு மூன்று அறை வீடு கிடைக்கிறது. நம் ஆட்களில் எத்தனை பேர் மனுப் போட்டார்கள்?

சட்டம் வழி விடுகிறது என்பதற்காக நடைமுறை சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன். நில அலுவலகத்துக்கும் மாநகர் மன்றத்துக்கும் மாறி மாறி நடக்க வேண்டும். ஐம்பது ஏக்கர் தாமானுக்கு வரிசையாக நிற்கும் காகிதங்கள் ஐயாயிரம் சதுர அடி மனைக்கும் ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன. வகை மாற்றப் பிரீமியம் சிறு குடும்பத்துக்கு மலை. மாநில அரசு உண்மையில் வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்க நினைத்தால் இங்கேதான் கை வைக்க வேண்டும். சொந்த மனையில் இரண்டாவது, மூன்றாவது வீடு கட்டும் குடும்பத்துக்குப் பிரீமியத்தைக் குறைக்கட்டும், தவணையாக வாங்கட்டும். நான்கு வீடுவரை தனியாக ஒரு குறுகிய வரிசை வைக்கட்டும்.

நம்பிக்கை: "அக்கம்பக்கம் கெட்டுவிடும்"

இதில் பாதி உண்மை. வீடு கூடினால் கார் கூடும். தெரு குறுகலாக இருந்தால் தீயணைப்பு வண்டி நுழையாது. பழைய கம்பத்து மனைகளில் கழிவுத்தொட்டி ஒரு வீட்டுக்குப் போட்டது. அதில் மூன்று வீட்டுக் கழிவை விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவது நியாயம். மனை முழுக்கச் சிமெண்டு பூசினால் மழைத் தண்ணீர் அடுத்த வீட்டு வாசலுக்குத்தான் போகும். இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. தொட்டியைப் பெரிதாக்கலாம், மண்ணைக் கொஞ்சம் மண்ணாகவே விடலாம், கார் நிறுத்த உள்ளே இடம் ஒதுக்கலாம். ஆனால் கட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

மனையின் மதிப்பு குறையும் என்பது மட்டும் பொய். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-இல் தன் புறநகர் மனைகள் பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடு கட்ட விதியைத் தளர்த்தியது. அப்போது ஆண்டுக்குப் பத்தாயிரம் அளவில் இருந்த வீட்டு அனுமதிகள் 2022-இல் இருபதாயிரத்தைத் தாண்டின. கூடியவற்றில் பெரும்பகுதி இரண்டு, மூன்று மாடிச் சிறு வரிசை வீடுகள். கூடுதலாகக் கட்ட அனுமதி உள்ள மனைக்கு மதிப்பு ஏறத்தான் செய்தது. அதே நேரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தேவைப்படும் நிலம் குறைந்ததால், நிலச் செலவு வீடுகளுக்கிடையே பங்காகியது.

இன்று இரவே அலமாரியைத் திறந்து அப்பாவின் கிராண்டை எடுத்துப் பாருங்கள். முதலில் யார் பெயர் என்று பாருங்கள். பிறகு நிலத்தின் வகை என்ற இடத்தில் 'பங்குனான்' (கட்டடம்) என்றிருக்கிறதா, 'பெர்தானியான்' (விவசாயம்) என்றிருக்கிறதா என்று பாருங்கள். குத்தகை என்றால் எந்த வருடம் முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரையும் ஒருநாள் அந்தப் பழைய வீட்டுக்கே கூப்பிடுங்கள். உங்கள் வட்டாரத்தின் நகர்த்திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது போய்ப் பார்த்து, எங்கள் தெருவில் இரண்டு வீடு, மூன்று வீடு கட்ட இடம் கொடுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். கருத்துச் சொல்லும் உரிமையைச் சட்டமே உங்களுக்குத் தந்திருக்கிறது.